கிராஃப்ட்ஸ்மேன் வீடு, நம்ம ஊர்க் கல்லிலும் மரத்திலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கம் வீடு வைக்கிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் வேலை. களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச காலமாக எல்லாரும் போனில் ஒரே மாதிரிப் படத்தைக் காட்டுகிறார்கள்: கல் பீடத்தின் மேல் குட்டையான மரத்தூண், அகலமான வராந்தா, நீண்டு இறங்கும் கூரை. சந்தேகங்களும் ஒரே மாதிரி. அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே கீழே விட்டிருக்கிறேன்.

“கிராஃப்ட்ஸ்மேன் வீடுன்னா என்ன சாரே? ஓட்டு வீட்டுக்கு இங்கிலீஷ் பேரா?”

பாதி அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் போன்றவர்கள், மெஷினில் வந்து குவியும் சாமான்கள் பிடிக்காமல் கைவேலைக்குத் திரும்பினார்கள். அந்த எண்ணம் அமெரிக்கா போய் வீடாக மாறியது. குஸ்தாவ் ஸ்டிக்லி என்பவர் 1901 முதல் 1916 வரை ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். பெயர் அதிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் பாசடீனா ஊரில் கிரீன் சகோதரர்கள் 1908-இல் கட்டிய கேம்பிள் ஹவுஸ் இந்த வகையில் பேர்போனது. தாழ்ந்த கூரையும் வராந்தாவும் வைத்த அமைப்பே வங்காளத்து பங்களாவைப் பார்த்துப் போனதுதான்.

அடையாளம் என்று பார்த்தால் நீண்ட இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு), வெளியே தெரியும் கைமர முனைகள், கல் பீடத்தில் நிற்கும் தூண், சுவரோடு சேர்த்துச் செய்த இருக்கையும் அலமாரியும். மரம் மரமாகத் தெரியும், கல் கல்லாகத் தெரியும், மரத்தோடு மரம் சேரும் பூட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதும் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடந்தவர்களுக்கு இதில் பாதி புதிதாக இருக்காது.

“அப்போ இந்தப் படத்தை அப்படியே வரைஞ்சு தரலாம்ல?”

தரமாட்டேன். படத்தில் கணப்படுப்பும் புகைபோக்கியும் இருக்கிறது, அதுவும் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. மார்த்தாண்டத்தில் அதை மூட்டி எதைக் காயவைக்க, ரப்பர் ஷீட்டையா? அந்த வீட்டில் குடும்பம் கூடி உட்காருகிற இடம் கணப்படுப்பு. நமக்கு அது வராந்தா. அதனால் அந்தச் செலவை வராந்தாவில் போடுங்கள்: எட்டடிக்குக் குறையாத அகலம், ஓரத்தில் சாய்மானம் வைத்த மர இருக்கை. கேரளத்துப் பழைய வீடுகளின் சாருபடி அதுதான். சுவரோடு சேர்ந்த இருக்கை என்று அமெரிக்கர்கள் செய்ததும் அதுதான்.

“அங்கே மழை கம்மி. இங்கே ரெண்டு மழையும் உண்டு. தாங்குமா?”

சரியான கேள்வி, முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னும் கூடுதல். அமெரிக்கப் படத்தில் கூரை 12 அங்குலத்துக்கு மூன்று நான்கு அங்குலம்தான் ஏறும். அந்தச் சரிவில் மங்களூர் ஓட்டைப் பரப்பினால், காற்றடிக்கும் மழையில் தண்ணீர் ஓட்டு விளிம்பு வழியாக மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டும்.

ஓட்டுக்கு, இரண்டடி போனால் ஓரடி ஏற்றம் என்பது குறைந்தபட்சம். நான் 30 டிகிரிக்குக் கீழே வரைவதில்லை. சரிவு கூடினால் வீடு உயரமாகத் தெரியும், படத்திலுள்ள அந்தத் தாழ்ந்த தோற்றம் போய்விடும் என்று வருத்தப்படுவார்கள். அதற்கு வழி, வராந்தாக் கூரையைத் தனியாகப் பிரித்துத் தலைக்கு மேல் ஓரடி மட்டும் விட்டு இறக்குவது. தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் தாழ்ந்த விளிம்புதான் முதலில் படும். இறவாரம் மூன்றடி வெளியே நீளட்டும். கீழே வரப்போகும் பாதிக் கேள்விகளுக்கு அந்த மூன்றடிதான் பதில்.

“சுவருக்கு எது நல்லது? வெட்டுக்கல்லா, செங்கல்லா, மண்கட்டியா?”

உங்கள் மனைக்குப் பக்கத்தில் எது நல்லதாகக் கிடைக்கிறதோ அது. வெட்டுக்கல் என்றால், வெட்டியதும் மிருதுவாக இருந்து காற்றுப்பட்டு இறுகுகிற கல். அதனால் குழியிலிருந்து நேரே லாரியில் ஏற்றி வந்ததை உடனே கட்டாதீர்கள்; சில மாதம் அடுக்கிக் கிடந்த கல்லைக் கேளுங்கள். நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். துளைகளுக்குள் வெள்ளைக் களி திட்டுத்திட்டாக அடைத்திருந்தால், கட்டைவிரல் நகத்தாலேயே அதைத் தோண்டி எடுக்க முடிந்தால், அந்தக் கல் உள்சுவருக்குக்கூட வேண்டாம். கொத்துக் கரண்டியால் தட்டும்போது ‘டங்’கென்று கேட்க வேண்டும், ‘சொத்’தென்று கேட்கக் கூடாது.

மண்கட்டி என்றால் பழைய பச்சைக் கட்டி இல்லை; மெஷினில் அழுத்தி எடுப்பது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சிமெண்ட் கலந்து அழுத்தி, நாலு வாரம் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். ஆரோவில்லில் பல ஆண்டுகளாக இதில் கட்டுகிறார்கள். களிமண் அதிகமுள்ள வயல் மண்ணில் இது வெடிக்கும்.

“எலிப்பொறிக் கட்டுன்னு சொல்றாங்களே, அதுல எலி குடியேறிடாதா?”

குடியேறாது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் ஒன்பது அங்குலச் சுவருக்கு நடுவே பொந்து விழும். அடி வரிசை, மேல் வரிசை, ஜன்னல் ஓரம் எல்லாம் நிறைத்து மூடிவிடுவார்கள். செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் வெயில் உள்ளே இறங்குவதும் குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேரளம் முழுக்கப் பரப்பிய முறை இது. அந்த ஊரில் அவர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகமும், தம்பானூரில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் பூச்சில்லாச் செங்கல்லின் அழகுக்குச் சாட்சி. அடுத்த தடவை திருவனந்தபுரம் போனால் கொத்தனாரையும் கூட்டிப் போய் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது பலிக்கும்.

ஒன்று மட்டும் முக்கியம். செங்கல் எல்லாம் ஒரே அளவாக, நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். கோணல் கல்லில் இந்தக் கட்டு வராது.

“வெளியே பூசாம விட்டா சுவர் ஊறாதா?”

மூன்றடி இறவாரமும் தரையிலிருந்து இரண்டடிக் கருங்கல் பேஸ்மென்ட்டும் இருந்தால் ஊறாது. சுவரைக் கெடுப்பது நேரே விழும் மழையைவிட, முற்றத்தில் விழுந்து தெறிக்கும் சேற்றுத்தண்ணீர்தான். இறவாரத்துக்கு நேர்கீழே ஒரு சரளைக்கல் பட்டை போட்டுவிடுங்கள். மேற்குச் சுவர் மட்டும் காற்றுமழையை நேரடியாக வாங்கும். அந்தப் பக்கம் பூசுங்கள், அல்லது வராந்தாவைத் திருப்பி அங்கே கொண்டுபோங்கள்.

“தேக்கு வாங்கி மாளாது. வேற மரம் என்ன?”

தேக்கு இல்லாமலே நல்ல வீடு வைக்கலாம். கதவு, நிலைக்கு ஆஞ்சிலி (நம்ம பேச்சில் அயனி) போதும். அதில் படகே செய்கிறார்கள். பலா இன்னும் அழகு. அறுத்த அன்றைக்கு மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப்போகத் தேன்நிறமாகிப் பிறகு கறுக்கும். கதவுக்கும் சாருபடிக்கும் நான் முதலில் பலாவைத்தான் கேட்பேன். உங்கள் விளையில் (தோட்டத்தில்) பட்டுப்போன பலா நின்றால் அதை விற்றுவிட்டு வேறு மரம் வாங்காதீர்கள். ரப்பர் மரம் ஊரெல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் மாவாக்கிவிடும், கூரைக்குக் கொண்டுபோகவே கூடாது.

கூரைக்கு என்றால் பனை. முற்றிய பனையின் வெட்டுமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிவட்டத்தில் கறுப்பு நார் நெருக்கமாக நிற்கும். உள்ளே போகப்போக நார் விலகி, நடுவில் வெறும் சோறு. அந்த வெளிவட்டம்தான் வைரம். அடிமரத்திலிருந்து பிளந்த கையில் (பனையில் எடுக்கும் கைமரத்தைக் கை என்போம்) வைரம் அதிகம், நுனியில் குறைவு. எனவே ‘இத்தனை கை’ என்று எண்ணி விலை பேசாமல், ஒவ்வொரு கையின் இரண்டு முனையையும் பார்த்து வாங்குங்கள். உள்பக்கச் சோற்றைச் செதுக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள், பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும். வராந்தாவில் கைமரம் வெளியே தெரிய வேண்டும் என்றால், இழைத்த பனங்கையின் கறுப்பு வரிக்கு ஈடான அலங்காரம் அமெரிக்காவில் கிடையாது.

எந்த மரமானாலும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவருமுன் வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈட்டி மரம் உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும், வெட்டுமுன் அனுமதி வேண்டுமா என்று வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

“பழைய தறவாட்டு வீடு இடிக்கிறாங்க. தூணும் கதவும் மலிவா தர்றாங்க, வாங்கலாமா?”

வாங்கலாம், பிளான் போடுவதற்கு முன்னால் வாங்கினால். பிளான் முடிந்தபின் ஒரு ஆள் எட்டடி நிலையோடு வந்து நின்றால் அதை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை, அது பாவம். மரத்தைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து, அந்த நீளத்துக்கு அறையை வரைய வேண்டும். பதினோரடி உத்தரம் கிடைத்தால் அறை பத்தடி. இந்த வகை வீட்டை வடிவமைப்பதென்றால் நடைமுறையில் இதுதான்: கையிலிருக்கும் பொருளிலிருந்து அளவுக்கு வருவது.

வாங்கும்போது சுத்தியலால் தட்டுங்கள். அடியில் மாவு உதிர்ந்தால் உளுப்பு (மரம் துளைக்கும் பூச்சி) உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பழைய ஆணி எல்லாவற்றையும் பிடுங்காமல் அறுப்பு மில்லுக்கு அனுப்பினால் மில்காரர் அடுத்த தடவை கேட்டைத் திறக்கமாட்டார்.

“கரையானுக்கு என்ன செய்ய?”

கரையான் பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் ஏறும். மரத்தூண் மண்ணையோ தரையையோ தொடாமல் கருங்கல் பீடத்தில் நிற்கட்டும். அடியில் பித்தளை அல்லது எஃகு முளை வைத்துக் கல்லில் இறக்கினால் ஈரமும் ஏறாது. கல் பீடம் அழகுக்கு வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள், அதற்கு வேலை இருக்கிறது. மயிலாடியில் கல்தச்சர்கள் இருக்கும்போது இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

உள்ளே வரும் மரத்துக்கு வெங்காரமும் போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பது நல்லது, ஆனால் அது மழையில் கழுவிப்போய்விடும். வெளிமரத்துக்கு முந்திரித்தோட்டு எண்ணெய். மரம் கறுத்துவிடும், பரவாயில்லை. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துபோகும்.

“பத்மநாபபுரம் கொட்டாரத்துல இருக்கிற கறுப்புத் தரை இப்போ போட முடியுமா?”

வருஷத்துக்கு எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அது சுண்ணாம்போடு சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு எல்லாம் சேர்த்து மெருகேற்றியது என்பார்கள். அளவும் பக்குவமும் அறிந்த கை இல்லாமல் உங்கள் வரவேற்பறையில் பரிசோதனை செய்ய வேண்டாம்.

அதற்குப் பதிலாகச் சிமெண்ட்டில் கறுப்பு அல்லது சிவப்பு ஆக்சைடு கலந்து இழைக்கும் தரை நம் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அடித்தளம் சரியாக இறுகாமல் போட்டால் விரியும். ஒரு அறையை ஒரே நாளில் முடிக்க வேண்டும். மறுநாள் ஒட்டுப்போட்டால் அந்தக் கோடு சாகும்வரை தெரியும். பல நாள் தண்ணீர் கட்டி, காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்துத்தான் மெருகு வரும். முதல் வருஷம் திட்டுத்திட்டாக இருக்கும். நடக்கநடக்கச் சரியாகும்.

“சுண்ணாம்புப் பூச்சு கேட்டா கொத்தனார் ‘அதெல்லாம் நிக்காது’ங்கிறார்.”

அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் பிடிக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் கல்லாகும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. சிமெண்ட் வேகத்தில் அடித்தால் அவர் சொல்வதுபோல உதிரத்தான் செய்யும். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் புளித்த தண்ணீரில் குழைப்பார்கள். அந்தத் தொட்டியின் வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், முன்பே சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் உள்சுவர் ஒன்றில் மட்டும் செய்து பாருங்கள்.

“ஓடு போட்டா மாடி எடுக்க முடியாதே? சரிவா வார்த்து, மேல ஓடு ஒட்டினா ரெண்டும் ஆச்சுல்ல?”

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் புதுவீடுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓட்டின் நன்மையே அடியில் காற்று ஓடுவது; கான்கிரீட்டில் ஒட்டிவிட்டால் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி உங்கள் மேல் இறக்கும். இடுக்கில் ஈரம் நின்று பாசி பிடிக்கும். ஓட்டின் எடையும் கான்கிரீட்டின் விலையும் சேர்ந்துகொள்ளும்.

மாடி வேண்டுமென்றால் கீழ்த்தளத்துக்கு மட்டும் கான்கிரீட்டைச் சமமாக வார்த்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்து வார்க்கும் ஃபில்லர் ஸ்லாப் போட்டால் கான்கிரீட் குறையும், அண்ணாந்து பார்த்தால் ஓடும் தெரியும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கு எஞ்சினியர் போட்டுத்தர வேண்டும், மேஸ்திரியின் கைக்கணக்கு போதாது. மேல்தளத்தில் மரத்திலோ இரும்பு ட்ரஸ்ஸிலோ நிஜமான ஓட்டுக்கூரை.

“ஓகி மாதிரி ஒரு காத்து வந்தா இந்த மூணடி இறவாரம் நிக்குமா?”

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயலில் ரப்பரும் தென்னையும் வாழையும் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். நீண்ட இறவாரத்துக்கு அடியில் காற்று புகுந்து தூக்கும் என்பது உண்மை. அதனால் சுவர் உச்சியில் ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, அதில் வளைத்து இறக்கிய போல்ட்டில் உத்தரத்தை முறுக்குங்கள். ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் உத்தரத்தோடு கட்டுங்கள். இறவாரத்தின் கடைசி இரண்டு மூன்று வரிசை ஓட்டையும் ஓர ஓட்டையும் கம்பியால் கட்ட வேண்டும், அதற்கு ஓட்டின் அடியிலேயே துளை இருக்கிறது. இறவாரத்தின் அடியைப் பலகையால் மூடினால் இன்னும் நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் தோவாளைப் பக்கம் என்றால் மூன்றடியை இரண்டாக்கிவிடுவேன்; அங்கே மழையும் குறைவு.

“ஓட்டுக்குள்ள மரப்பட்டி வந்து கிடக்குமே?”

வரும். மரப்பட்டி (மரநாய்) ராத்திரி நடக்கும், ஓட்டை நகர்த்தும், அதன் மூத்திர நாற்றம் லேசில் போகாது. இறவார இடுக்கு, முகப்பின் முக்கோணம் இரண்டையும் துருப்பிடிக்காத கம்பிவலையால் அடையுங்கள், காற்று மட்டும் போகட்டும். கூரையைத் தொடும் மாங்கிளையைக் கழியுங்கள். கீழ் ஓடு, மேல் ஓடு என்று இரண்டடுக்காகப் போட்டால் சூடும் குறையும், பல்லி எச்சமும் சோற்றில் விழாது.

“செலவு கம்மியாகுமா, கூடுமா? நேரா சொல்லுங்க.”

சுவரில் மிச்சம், மரவேலையில் கூடுதல். பொருளைவிடக் கூலிதான் கணக்கைத் தீர்மானிக்கும். பூச்சு, பெயிண்ட், சீலிங் எல்லாம் போவது பெரிய மிச்சம்தான், ஆனால் பூச்சில்லாத சுவரைக் கொத்தனார் மெதுவாகத்தான் கட்ட முடியும். பணம் குறைவென்றால் அளவைக் குறையுங்கள். 1,800 சதுர அடியில் மரத்தைக் கிள்ளிக்கிள்ளிப் போடுவதைவிட 1,100-இல் ஒழுங்காகப் போடலாம். இதைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

“ஆசாரி கோல் கணக்குல அளவு சொல்றார், நீங்க அடியில சொல்றீங்க. எது சரி?”

இரண்டும் சரி. ஒரு கோல் 24 விரல், 72 சென்டிமீட்டர். அவர் பார்ப்பது அறையின் சுற்றளவு கோலில் எத்தனை வருகிறது, மீதி என்ன என்பது. தகராறு வருவது எங்கே என்றால், சுற்றளவைச் சுவரின் உள்ளே எடுப்பதா, வெளியேயா, உத்தரத்திலா என்று யாரும் கேட்டுக்கொள்ளாததில். பிளான் தொடங்குமுன் ஆசாரியும் நீங்களும் நானும் உட்கார்ந்து அந்த ஒன்றை முடிவுசெய்துவிட்டால் நான் விரல்கணக்கில் கூட்டிக் குறைத்துக்கொள்வேன். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியபிறகு வந்தால் முடியாது.

“பஞ்சாயத்து அனுமதி, பேங்க் லோன் கிடைக்குமா?”

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். சுவர் மண்ணா செங்கல்லா என்பது அதில் தடையில்லை. மலையோரக் கிராமங்களில் பல, மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் வரும், அவற்றுக்குத் தனி அனுமதி. பாறசாலைப் பக்கம் கேரளத்தின் 2019-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள். பேங்கில் ‘ஓட்டு வீடா?’ என்று முகம் சுளிப்பார்கள். எஸ்டிமேட்டில் பெல்ட், போல்ட், பேஸ்மென்ட் எல்லாம் விவரமாக எழுதி எஞ்சினியர் கையெழுத்தோடு கொடுங்கள்.

“நாங்க துபாய்ல இருக்கோம். வருஷத்துல ஒரு மாசம்தான் வருவோம். இந்த வீடு எங்களுக்குச் சரிவருமா?”

மற்றதெல்லாம் கேட்டபிறகு கடைசியில்தான் இதைக் கேட்பார்கள். முதலிலேயே கேட்டிருந்தால் மேலே உள்ள பாதியைச் சொல்லியிருக்கமாட்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மரம் பூஞ்சை பிடிக்கும், நகர்ந்த ஓட்டை யாரும் கவனிக்கமாட்டார்கள், மரப்பட்டி குடும்பம் நடத்தும். அம்மாவோ மாமியாரோ அங்கேயே இருப்பதாக இருந்தால், அல்லது வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து போட ஆள் உண்டென்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

இல்லையென்றால் வீட்டுக்கு மேல் ஃபில்லர் ஸ்லாப், வராந்தாவுக்கு மட்டும் ஓடும் பனங்கையும். வராந்தாவைப் பிற்பாடு நீட்டிக்கொள்ளலாம், அதுவரை மரத்தையும் சேர்த்து வைக்கலாம். எதுவானாலும் மே மாதம் ஒரு ஆளைக் கூரைக்கு ஏற்றி உடைந்த ஓட்டை மாற்றச் செய்யுங்கள். ஐம்பது ஓடு கூடுதலாக வாங்கிக் கிணற்றடியில் அடுக்கி வையுங்கள், பத்து வருஷம் கழித்து அதே அச்சு கிடைக்காது.